பத்தாம் நம்பர் பட்டாளம்

ராத்திரி பதினொரு மணிக்கு எந்த ஹாஸ்டல் ரூம் கதவை வேணும்னாலும் தட்டிப் பாருங்க. நாலு பேர்ல ஒருத்தன் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ரோமானியப் படையை நடத்திக்கிட்டு இருப்பான். செவ்வகக் கேடயம், சிவப்பு அங்கி, வரிசை பிசகாத நடை... "மச்சி, லீஜனை ரைட்ல இறக்குடா, சுத்தி வளைச்சுடலாம்!"னு பின்னாடி கட்டில்ல இருந்து ஒரு குரல் வரும். நாளைக்கு இன்டர்னல்ஸ். அதைப் பத்தி அங்கே யாரும் பேச மாட்டாங்க!

தப்பே இல்லை. லீஜன்னா ஒரு கெத்து இருக்கத்தான் செய்யுது. ஆனா ஒரு கேள்வி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில் கிளம்பின படைக்கு நம்பர், பேரு, அது போன ஊர், தோத்த இடம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் பேர் வாங்கின ஒரு படை நம்ம பக்கத்திலேயே இருந்தது. அதுக்கும் ஒரு நம்பர் உண்டு, கொடியில் ஒரு சின்னம் உண்டு. ஆம்பூர்ல ஆரம்பிச்சு மகாராஷ்டிரா, பர்மான்னு சுத்தின வரலாறும் உண்டு. கேள்விப்பட்டிருக்கீங்களா?

நானும் ரொம்ப நாள் கேள்விப்படலை. அதனால கூச்சப்பட வேண்டாம்.

முதல்ல ரோம் மேட்டரை முடிச்சுடுவோம். ஒரு லீஜன்னா ஏறத்தாழ 5,000 பேர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண், ஒரு கழுகுச் சின்னம். அந்தக் கழுகு போச்சுன்னா மானமே போச்சு. இதில் பத்தாவது லீஜன் ஜூலியஸ் சீசரோட செல்லப்பிள்ளை. கி.மு. 58-ல் ஜெர்மானியத் தலைவன் அரியோவிஸ்டஸை எதிர்த்துப் போகணும்னதும் சீசர் படையில் பாதிப் பேருக்குக் கை கால் நடுங்க ஆரம்பிச்சது. சீசர் அவங்களைக் கடிஞ்சுக்கிட்டார். யாரும் வரலைன்னாலும் பத்தாம் லீஜனை மட்டும் கூட்டிக்கிட்டு நான் போறேன்னு சொன்னார். அவ்வளவுதான். பத்தாம் லீஜனுக்குத் தலைகால் புரியலை. மத்தவங்களுக்கு வெட்கம். மொத்தப் படையும் கிளம்பிடுச்சு.

(நம்ம கிளாஸ்ல ஹெச்.ஓ.டி. இதே டெக்னிக்கை சிம்போசியம் சமயத்தில் பயன்படுத்துவார். கவனிச்சிருக்கீங்களா?)

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை. கி.பி. 9-ல் ஜெர்மனி காட்டுக்குள்ளே 17, 18, 19-ஆம் லீஜன்கள் மூணும் மொத்தமா அழிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ரோம் அந்த மூணு நம்பரையும் எந்தப் படைக்கும் கொடுக்கவே இல்லை. சச்சினோட பத்தாம் நம்பர் ஜெர்ஸியை இப்போ இந்தியா டீமில் யாரும் போடறதில்லையே, அந்த மாதிரி. ஆனா காரணம் தலைகீழ். இது மரியாதை. அது துக்கமோ, அபசகுனமோ... ஏதோ ஒண்ணு. படைன்னு வந்துட்டா நம்பர் வெறும் நம்பர் இல்லைங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. பின்னாடி தேவைப்படும்.

இப்போ வாங்க, ஜவ்வாது மலைக்கு!

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியா பஸ் ஏறினா காவலூர் வரும். பெரிய டெலஸ்கோப் இருக்கிற ஊர். இன்னும் போனா ஜமுனாமரத்தூர். சாமை, தேன், பலாப்பழம், பீமன் நீர்வீழ்ச்சின்னு டூர் போனவங்க சொல்வாங்க. யாரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. இந்த மலை ஒரு பெரிய சுவர். மேற்கே கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம். அந்தக் காலத்தில் அதுக்கு பாரமகால்னு பேரு. கிழக்கே ஆற்காட்டுச் சமவெளி. மைசூர்ல இருந்து ஒரு படை ஆற்காட்டுக்கு வரணும்னா இந்தச் சுவரை ஏறிக் குதிக்க முடியாது. ஓட்டை வழியாத்தான் வரணும். மலைக்குத் தெற்கே செங்கம் கணவாய் ஒரு ஓட்டை. வடக்கே பாலாறு ஓடுற பள்ளத்தாக்கு இன்னொண்ணு. வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கிறது அங்கேதான்.

1767-ல் ரெண்டு ஓட்டையிலும் யுத்தம் நடந்தது.

ஒரு பக்கம் மைசூரின் ஹைதர் அலி. ஆரம்பத்தில் ஹைதராபாத் நிஜாமும் அவரோடு கூட்டணி. இன்னொரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை, தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித். செப்டம்பர் 3-ம் தேதி செங்கம் கணவாயில் முதல் மோதல். ஸ்மித் கையில் சுமார் 7,000 பேர். எதிரில் பத்து மடங்கு கூட்டம்னு கணக்கு சொல்றாங்க. ஸ்மித் தாக்குப்பிடிச்சார். ஆனா சோத்துக்கு வழியில்லை. திருவண்ணாமலைக்குப் பின்வாங்கிப் போனார். அந்த மாசக் கடைசியில் திருவண்ணாமலைப் பக்கத்தில் மறுபடி சண்டை, அதில் அவருக்கு வெற்றி. இதே சமயத்தில் ஹைதரோட பையன் சென்னை எல்லை வரைக்கும் குதிரைப் படையோடு போய்க் கலக்கிட்டுத் திரும்பினான். வயசு 17 இருக்கும். பேரு திப்பு. நாம அந்த வயசுல பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பயந்துக்கிட்டு இருந்தோம்!

ஹைதர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நவம்பர்ல திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் திரும்பப் பிடிச்சுட்டு, பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆம்பூரைச் சுத்தி வளைச்சார்.

இங்கேதான் நம்ம ஹீரோக்கள் என்ட்ரி.

ஆம்பூர்ல இருந்தது ஒரு பாறைக் கோட்டை. உள்ளே கேப்டன் கால்வெர்ட்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி. அவரோடு விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு ஐரோப்பியர்கள். மீதி சுமார் 500 பேர் நம்ம ஊர் சிப்பாய்கள். அந்தப் பட்டாளத்துக்கு அப்போ வயசு ஒண்ணுதான். 1766-ல் ஆரம்பிச்சது. பேரு, கரைச் சிப்பாய்கள் பதினாலாவது பட்டாளம். சோழமண்டலக் கரையில் ஆள் எடுத்ததால அந்தப் பேரு. (பட்டாலியன்தான் நம்ம வாயில் பட்டாளம் ஆச்சு. பேரில்கூட பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். நம்ம காலேஜ் கேன்டீன் பேச்சு மாதிரியேதான்.)

நவம்பர் 10-ம் தேதி முற்றுகை ஆரம்பம். ஹைதரிடம் பெரிய பீரங்கிகள், ஆயிரக்கணக்கில் ஆட்கள். உள்ளே 500 பேர், மூட்டை கட்டி வெச்ச சாப்பாடு, அளந்து வெச்ச வெடிமருந்து. நாலு வாரம் ஓடிப்போச்சு. கோட்டை மசியலைன்னதும் ஹைதர் வேற ரூட்டில் வந்தார். கோட்டையைக் கொடுத்துடு, பெரிய தொகை தர்றேன்னு கேப்டனுக்குத் தூது. கேப்டன் மாட்டேன்னு சொல்லிட்டார். இந்தப் 'பேர'க் கதையை எழுதாத ஆங்கிலப் புத்தகம் கிடையாது.

எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். கேப்டனுக்குத் தூது வந்தது, சரி. அந்த 500 பேருக்கும் தூது வராமலா இருந்திருக்கும்? சுவருக்கு அந்தப் பக்கம் நின்னவங்களும் கூலிக்கு வந்தவங்கதான். பாதிப் பேருக்கு இவங்க பேசுற பாஷையே புரியும். ராத்திரி இருட்டில் கயிறு கட்டி இறங்கிட்டா உயிர் மிச்சம். ஆனா கோட்டை நின்னுச்சு. உள்ளே இருந்தவங்க நிக்காம கோட்டை எப்படி நிக்கும்?

டிசம்பர் 7. ஸ்மித்தோட படை நெருங்கி வந்ததும் ஹைதர் முற்றுகையை விட்டுட்டுக் கிளம்பினார்.

இதுக்குக் கம்பெனி கொடுத்த பரிசுதான் விசேஷம். அந்தப் பட்டாளத்தின் கொடியில் ஆம்பூர்ப் பாறைக் கோட்டையைச் சின்னமாப் போட்டுக்க அனுமதி. ரோமுக்குக் கழுகு, இவங்களுக்கு ஒரு பாறை! நீங்க சென்னை - பெங்களூர் ரோட்டில் பிரியாணிக்காக வண்டியை நிறுத்துவீங்களே, அந்த ஊரோட பாறை.

சரி, ஒரு நிமிஷம். உங்களில் ஒருத்தர் இப்போ கையைத் தூக்குறது தெரியுது. "சார், இவங்க வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவங்கதானே? இதுல பெருமைப்பட என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. நானும் கொடி பிடிக்கச் சொல்லலை. கம்பெனி வியாபாரத்துக்கு வந்து நாட்டைப் பிடிச்ச கூட்டம். அதுக்குத் துப்பாக்கி தூக்கினது நம்ம ஆட்கள். அதை மறைச்சு எழுத முடியாது. ஆனா ஹைதர், நிஜாம், ஆற்காட்டு நவாப், கம்பெனி... 1767-ல் நாலு பேருமே சம்பளத்துக்கு ஆள் எடுத்தாங்க. மாசம் பிறந்தா காசு கையில் வருமாங்கிறதுதான் சிப்பாயோட கணக்கு. 'நாடு'ங்கிற சொல்லுக்கு இன்னிக்கு இருக்கிற அர்த்தத்தை எடுத்துக்கிட்டுப் போய் அவன் தலையில் வைக்கிறது சுலபம். வெச்சுட்டு அவனையே மறந்துடறது அதைவிட சுலபம். நாம ரெண்டையும் செஞ்சுட்டோம்னு தோணுது.

பட்டாளத்தோட எண் நடுவில் சில தடவை மாறி, கடைசியில் பத்துன்னு நின்னுச்சு. சீசரோட செல்லப்பிள்ளையோட அதே நம்பர்! 1780-களில் மறுபடி ஹைதர், அப்புறம் திப்பு. ரெண்டு போருக்கும் பதக்கம் மாதிரி 'கர்நாடிக்', 'மைசூர்'ங்கிற பேர்கள் கொடியில் ஏறின. வேகமா அடுத்ததுக்குப் போவோம். ஏன்னா அடுத்தது அஸ்ஸாயி.

1803, செப்டம்பர் 23. மகாராஷ்டிராவில் இன்றைய ஜால்னா மாவட்டம். ஆர்தர் வெல்லெஸ்லிங்கிற 34 வயசுத் தளபதி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடிச்ச வெலிங்டன் பிரபு இவர்தான். எதிரில் சிந்தியா, போன்ஸ்லே ரெண்டு மராட்டியத் தலைவர்களோட பெரும்படை. அதில் பத்தாயிரத்துக்கு மேல போல்மன்ங்கிற ஜெர்மன்காரர் பயிற்சி கொடுத்த காலாட்படை, நூறு பீரங்கி. வெல்லெஸ்லியிடம் முறையான படைன்னு பார்த்தா 4,500 பேர்தான். மைசூர்க் குதிரைகளையும் சேர்த்தா 9,500.

நடுவில் கைல்னா ஆறு. கடக்க இடமே இல்லைன்னு வழிகாட்டிகள் சத்தியம் பண்றாங்க. வெல்லெஸ்லி எட்டிப் பார்த்தார். ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், நேர் எதிரே அந்தப் பக்கம் ஒரு ஊர். ரெண்டு ஊர்க்காரங்களும் போகாம வராமலா இருப்பாங்க? நிச்சயம் நடந்து கடக்கிற துறை இருக்கும்னு முடிவு பண்ணிப் படையை இறக்கினார். இருந்தது! (நான் படிச்ச போர்த் தந்திரங்களிலேயே எனக்குப் பிடிச்சது இதுதான். மேப் தேவையில்லை, மனுஷங்களைத் தெரிஞ்சா போதும்.)

அக்கரை ஏறின உடனே முதல் வரிசையில் நின்ன பட்டாளங்களில் ஒண்ணு நம்ம பத்து. பீரங்கி வாயை நோக்கி நேரா நடை. நம்பக் கஷ்டமா இருக்கும். நிமிஷத்துக்கு நிமிஷம் வரிசையில் ஓட்டை விழும், பக்கத்தில் இருக்கிறவன் நகர்ந்து அந்த ஓட்டையை அடைக்கணும், நடையை நிறுத்தக்கூடாது. சாயங்காலம் ஜெயிச்சாச்சு. வெல்லெஸ்லி பக்கம் செத்தவங்க 428, காயம் 1,138. அன்னிக்கு நின்ன பட்டாளங்களுக்குக் கொடியில் 'அஸ்ஸாயி யானை' கிடைச்சது. பத்தாம் பட்டாளத்துக்குப் பாறையோடு இப்போ யானையும் சேர்ந்தது. இன்னிக்கு இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர் யாரையாவது ரயில்ல பார்த்தா சின்னத்தைக் கவனிங்க. அதில் இருக்கிற யானை இந்த அஸ்ஸாயி யானைதான்.

மூணே வருஷம். இதே சென்னைப் படைக்குள்ளே வேற ஒரு கதை. ஜவ்வாது மலையில் இருந்து கூப்பிடு தூரம்னு சொல்லலாம், வேலூர்க் கோட்டை. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வெச்ச புதுத் தலைப்பாகை போடணும்னு மேலே இருந்து உத்தரவு. 1806, ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்கள் எழுந்தாங்க. கோட்டை அவங்க கைக்கு வந்தது. ஆற்காட்டில் இருந்து குதிரைப் படை வர்ற வரைக்கும்தான் அது நீடிச்சது. பிறகு நடந்தது படுகொலை. செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். நம்ம பத்தாம் பட்டாளம் அதில் இல்லை. 1-ஆம் ரெஜிமென்ட்டும் 23-ஆம் ரெஜிமென்ட்டும்தான் அங்கே இருந்தவை.

இப்போ அந்த ரோம் நம்பர் விஷயத்தை ஞாபகப்படுத்திக்குங்க. கம்பெனி என்ன செஞ்சது தெரியுமா? 1, 23 ரெண்டு நம்பரையும் பட்டியலில் இருந்தே அழிச்சது! கலகத்தில் சேராம மிஞ்சினவங்களை வெச்சு 24, 25னு புது நம்பர் கொடுத்தது. தண்டனைன்னா இப்படி. உயிரோடு இருக்கிறவன் நம்பரைப் பிடுங்கறது.

கதை அங்கே முடியலை. 1817 நவம்பர்ல நாக்பூர் பக்கத்தில் சீதாபல்டி குன்றில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. அதில் அசராம நின்னது இந்த 24. பரிசா என்ன வேணும்னு பேச்சு வந்தப்போ அவங்க கேட்டது, பழைய நம்பர். எங்க ஒண்ணாம் நம்பரைத் திருப்பிக் கொடுங்க! கொடுத்தாங்க. பதினொரு வருஷம் கழிச்சு ஒரு நம்பர் வீடு திரும்பிச்சு. இதைப் படிச்ச அன்னிக்கு நான் புத்தகத்தை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நம்ம பத்துக்கு வருவோம். 1824-ல் முதல் பர்மா போர். கப்பல் ஏறி ரங்கூன். மழை, காய்ச்சல், வயித்துப்போக்கு. அந்தப் போரில் கம்பெனி அனுப்பின சுமார் 40,000 பேரில் 15,000 பேர் திரும்பலை. அதில் குண்டடிபட்டுச் செத்தவங்களைவிட நோயில் செத்தவங்கதான் அதிகம். கொடியில் 'அவா'ன்னு இன்னொரு பேர் ஏறிச்சு. அவா பர்மா ராஜாவோட தலைநகர்.

அப்புறம் வந்ததுதான் கிளைமாக்ஸ். இதில் பீரங்கி இல்லை. பேனா.

1880-களில் இங்கிலீஷ் அதிகாரிகளுக்கு ஒரு தத்துவம் தலைக்கு ஏறிச்சு. இந்தியாவில் சில ஜாதி, சில இனம்தான் 'வீர இனம்', மத்தவங்க சண்டைக்கு லாயக்கில்லை. இதுக்குப் பெரிய பிரசாரகர் லார்ட் ராபர்ட்ஸ். 1881-ல் இருந்து 1885 வரை சென்னைப் படைக்கே தலைவரா இருந்தவர், அப்புறம் மொத்த இந்தியப் படைக்கும் தலைவர். தெற்கத்திச் சிப்பாய்கள் ஒரு காலத்தில் நல்லா சண்டை போட்டாங்க, இப்போ மங்கிட்டாங்கன்னு அவர் தீர்ப்பு. தெற்கில் பெரிய போரே இல்லாம போச்சு, அதனால போர் அனுபவமும் இல்லை. பரீட்சையே வைக்காம ஃபெயில் போட்டாச்சு!

1890. பத்தாம் பட்டாளம் பர்மாவுக்கான பட்டாளம்னு ஆச்சு. சென்னைச் சிப்பாய்களை வெளியே அனுப்பினாங்க. அவங்க இடத்தில் பர்மாவில் இருந்த ராணுவப் போலீஸ் கூர்க்காக்கள் வந்தாங்க. நம்பர் மட்டும் பத்து, அதே பத்து! கொஞ்ச காலம் பேரிலாவது 'மெட்ராஸ்' ஒட்டிக்கிட்டு இருந்தது. 1901-ல் அதுவும் போய், பத்தாவது கூர்க்கா ரைஃபிள்ஸ்னு ஆச்சு.

கூர்க்காக்கள் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. பிரமாதமான வீரர்கள். 1947-ல் கூர்க்கா ரெஜிமென்ட்களைப் பிரிச்சப்போ இந்தப் பத்து பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போச்சு. 1965-ல் போர்னியோ காட்டில் அதே ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ராம்பகதூர் லிம்பு விக்டோரியா கிராஸ் வாங்கினார். 1994-ல் எல்லாத்தையும் இணைச்சு ராயல் கூர்க்கா ரைஃபிள்ஸ்னு ஒரே ரெஜிமென்ட் ஆக்கினாங்க. பத்துங்கிற நம்பர் அன்னிக்கு மறைஞ்சது.

ரோமிலும் இதே கதைதான். சீசரோட பத்தாம் லீஜன் வழிவந்த பத்தாவது ஜெமினா, கடைசியில் இன்றைய வியன்னாவில் பல நூறு வருஷம் காவல் இருந்தது. அங்கே சேர்ந்தவங்க அந்தந்தக் காலத்து எல்லைப்புறத்துப் பையன்கள். கழுகு அதேதான், தூக்கின தோள் வேற. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே அது தானா, தலைமுறை தலைமுறையா நடந்தது. இங்கே ஒரு உத்தரவில், நீங்க வீரர்கள் இல்லைன்னு சொல்லி அனுப்பினாங்க.

முதல் உலகப்போருக்கு அப்புறம் மிச்சம் இருந்த மெட்ராஸ் காலாட்படைப் பட்டாளங்களையும் செலவு மிச்சம்னு கலைச்சாங்க. சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படை மட்டும் தப்பிச்சது. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் பத்தலைன்னதும்தான் 'வீர இனம்' தத்துவம் மூட்டை கட்டி மூலைக்குப் போச்சு. மெட்ராஸ் ரெஜிமென்ட் திரும்ப வந்தது. குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் அதோட தலைமையகம் இன்னிக்கும் இருக்கு. தலைமையகம் இருக்கிற அந்த ஊரோட பேரும் அஸ்ஸாயித் தளபதியோட பேர்தான். என்னத்தைச் சொல்ல!

இவ்வளவு சொல்லியும் ஒரு குறை எனக்குப் போகலை. ஆம்பூர் முற்றுகையில் கேப்டன் பேர் தெரியும். உதவிக்கு வந்த கர்னல் பேர் தெரியும். அந்த 500 பேரில் ஒருத்தர் பேர்? நான் புரட்டின புத்தகங்களில் கண்ணில் படலை. 'சிப்பாய்கள்'னு ஒரே சொல். மதுரைக்காரனா, நெல்லூர்க்காரனா, அம்மா பேரு என்ன, மீசை வெச்சிருந்தானா... ஒண்ணும் கிடையாது. கொடியில் பாறையை வரைஞ்சாங்க, பாறை மேல நின்னவனை விட்டுட்டாங்க.

ஆனா இதே மலை அடிவாரத்தில் அதுக்கு முன்னாடி அப்படி ஒரு வழக்கம் இல்லை. மாடு பிடிக்க வந்தவங்களோடு மோதிச் செத்தவன் யாரா இருந்தாலும் ஊர் ஒரு கல் நடும். அவன் உருவம், கையில் வில்லோ வாளோ, மேலே எந்த ராஜா, எத்தனையாவது வருஷம், இவன் யாரோட ஆள், இவன் பேர் என்ன. ஆம்பூரிலேயே 9-ஆம் நூற்றாண்டு நடுகற்கள் உண்டு. பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலத்தில் நுளம்பர் படை மாடு கவர வந்தப்போ விழுந்தவர்களுக்காக நட்டவை. செங்கம் பக்கத்தில் கிடைச்சது இன்னும் அதிகம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் அதையெல்லாம் தேடிப் படியெடுத்து, இரா. நாகசாமி பதிப்பில் 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமாவே போட்டது. உங்க காலேஜ் லைப்ரரியில் இல்லைன்னா வாங்கச் சொல்லி ஒரு லெட்டர் கொடுங்க.

அதில் எடுத்தனூர்க் கல்லுன்னு ஒண்ணு. மகேந்திரவர்மப் பல்லவனோட 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தின்னு ஒரு சேவகன். ராஜா இல்லை, தளபதி இல்லை, ஒரு சிற்றரசனோட உறவுக்காரர்கிட்ட வேலை பார்த்த ஆள். எருமைகளைக் காப்பாத்தப் போய்ச் செத்துட்டான். கல்லில் அவன் நிக்கிறான். பக்கத்தில் ஒரு நாய் நிக்குது. சும்மா அழகுக்கு வெச்சது இல்லை. அதுக்குன்னு தனியா ஒரு வரி வெட்டியிருக்காங்க. ரெண்டு திருடனைக் கடிச்சு, விழுந்து கிடந்த எஜமானைக் காத்து நின்ன நாய்.

அந்த நாய்க்குக்கூட பேர் இருக்கு. கோவிவன்.